பூசணி சொன்ன சாட்சி

லில்லிபுஷ்பத்தை அந்த வார்டை விட்டு ஓட்டாமல் ஓய்வதில்லை என்று நித்திலா முடிவு கட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. ஆறு வயதுக் கவிநயாவின் கையில் மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்காமல், நர்ஸ் புஷ்பம் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு, "இன்னைக்கும் ஆகாது, கூட்டிட்டுப் போங்க" என்றாளே, அந்த நிமிடம்.

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். வாரத்துக்கு ஒரு தடவை கை நரம்பு வழியாக மருந்து ஏறியாக வேண்டும். போன செவ்வாயும் ஏறவில்லை, இந்தச் செவ்வாயும் ஏறவில்லை. பயத்தில் பிள்ளையின் கை ஜில்லிட்டு, நரம்பு சுருங்கி உள்ளே போய்விடுகிறது. முன்பெல்லாம் வார்டே காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பேசிக்கொண்டிருந்தவள், ஒரு மாதமாக வாயைத் திறப்பதில்லை. பெற்ற தாய்க்குக்கூடத் தலையாட்டல்தான் பதில்.

நித்திலாவுக்கு வேலை, விளையாடுவது. சிரிக்க வேண்டாம், அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவள். ஊசிக்கும் ஸ்கேனுக்கும் போகிற குழந்தைகளோடு பொம்மை வைத்து விளையாடி, பயம் தெளியவைத்து உள்ளே அனுப்ப வேண்டும். மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் இருந்த அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு வேலை தேவை என்று நாலு வருஷம் மல்லுக்கட்டி நிலைநாட்டியதும் அவள்தான். தோளில் ஒரு துணிப்பை, பையின் காதில் ஒரு பித்தளை மணி. வராந்தா முனையில் அந்த மணி குலுங்கினால் போதும், வார்டு மொத்தமும் கப்சிப். "என் மணிக்கு இருக்கிற மரியாதை பெரிய டாக்டருக்கே கிடையாது" என்று கேண்டீனில் பீற்றிக்கொள்வாள். பிள்ளைகளுக்கு அவள் மணியக்கா.

புஷ்பம் இருக்கிறாளே, அவள் இதற்கெல்லாம் நேர் எதிர். ஐம்பத்து மூன்று வயது, தகரத்தில் ஆணி இழுத்த குரல். "வலிக்கும்டி. மூணு எண்ணுவேன், அதுவரைக்கும் வலிக்கும். கத்தணும்னா கத்திக்க, கைய மட்டும் ஆட்டாத" என்பாள். குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது? நித்திலா படித்த படிப்பில் 'வலி' என்பது கெட்ட வார்த்தை. அவள் 'எறும்பு முத்தம்' என்றுதான் சொல்வாள், அதையும் மூக்கைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அன்றைக்கு வராந்தாவிலேயே புஷ்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சிஸ்டர், இருபது நிமிஷம் தொண்டத்தண்ணி வத்த விளையாடி, அவளைத் தெளியவெச்சு உக்கார வெக்கிறேன். நீங்க வந்து 'வலிக்கும்டி'ன்னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் கெடுக்குறீங்க. உங்களுக்குப் பிள்ளைங்கன்னா என்ன, கத்திரிக்காயா?"

"வலிக்கிறத வலிக்கும்னு சொல்லாம, பாயசம் ஊத்தப் போறேன்னா சொல்லுறது?"

"சொல்ற விதம்னு ஒண்ணு இருக்கு."

"முப்பது வருஷமா குத்துறேன் பொம்மைக்காரம்மா. நீ பையத் தூக்கிக்கிட்டு வாரதுக்கு முன்னாடியும் இங்க நரம்பு கிடைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

பொம்மைக்காரம்மா! திருவிழாவில் பலூன் விற்கிறவளைச் சொல்வதுபோல. நித்திலாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பின்னால் கவிநயாவின் அம்மா பாண்டிமீனா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். மேலூர்ப் பக்கத்துக்காரி, ஏழு மாதமாக ஆஸ்பத்திரியே வீடாகக் கிடப்பவள்.

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிறாதீக டீச்சரு. எம்புள்ளைக்கு மருந்து ஏறணும், அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

"ஏறும்மா. யாரால ஏறலையோ அவங்க நகர்ந்தா ஏறும்" என்றாள் நித்திலா, புஷ்பத்தின் முதுகுக்குக் கேட்கிற மாதிரி.

பெரிய டாக்டர் அழகுசுந்தரம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "அடுத்த செவ்வாய் ஏறியே ஆகணும். இல்லேன்னா நெஞ்சுல கீறிக் குழாய் வைக்கணும். அவளுக்கு இருக்கிற ரத்த அணு எண்ணிக்கைக்கு அது விஷப்பரீட்சை. வைக்காமலும் விட முடியாது, விட்டா நோய் திரும்பும்."

"பயத்துக்குக் காரணம் யாருன்னு நான் சொல்றேன் சார். நீங்க நடவடிக்கை எடுப்பீங்களா?"

"ஆதாரத்தோட சொல்லும்மா."

ஆதாரத்துக்கு நித்திலாவிடம் ஒரு வழி இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் வார்டுக்கு வந்த நகல் பொம்மைகள்.

பார்வைக்குச் சாதாரணத் துணிப்பொம்மைதான். குழந்தை மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கும். பகல் முழுக்கக் குழந்தையின் நெஞ்சு எப்போது படபடக்கிறது, உள்ளங்கை எப்போது வேர்க்கிறது, கைகால் எப்போது விறைக்கிறது, அப்போது சுற்றிலும் என்ன குரல், சத்தம், வாசனை என்று அந்தப் பட்டை கவனித்துக்கொண்டே இருக்கும். பட்டை அறிந்ததெல்லாம் பொம்மைக்குப் போகும். பதினோரு குழந்தைக்குப் பதினோரு பொம்மை. கவிநயா தன்னுடையதற்குப் பூசணி என்று பேர் வைத்திருந்தாள். பேச்சு நிற்பதற்கு முன் அவள் வைத்த பேர்.

பொம்மைகளைப் பார்த்துக்கொள்ள வாராவாரம் கம்பெனியிலிருந்து அஃப்ரீன் என்ற இளம் இன்ஜினியர் வருவாள். அன்று மத்தியானம் நித்திலா அவளை விளையாட்டு அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"இந்தப் பொம்மை திரும்ப நடிச்சுக் காட்டுமாமே, அது எப்படி?"

"நடிக்காது மேடம், கத்துக்கும். ஒரு குரல், ஒரு வாசனை, ஒரு சத்தம் வந்தப்போ பிள்ளையோட உடம்பு என்ன செஞ்சுச்சோ, அதே குரலும் வாசனையும் வந்தா பொம்மையோட உடம்பும் அதையே செய்யும். உள்ள நெஞ்சு அடிக்கும், கை வேர்க்கும். புது நர்ஸுங்க பிள்ளையைக் குத்திப் பழகுறதுக்குப் பதிலா இதுமேல பழகலாம்னுதான் செஞ்சோம். இன்னும் அந்தப் பயிற்சி ஆரம்பிக்கலை."

"நான் தினமும் பார்க்கிறேன், ஒண்ணும் செய்யாம மொத்தையா கிடக்கே."

"பட்டை கட்டின பிள்ளை பக்கத்துல இருந்தா பொம்மை தூங்கிடும். தன் பயத்தைப் பொம்மை காட்டுறதைப் பார்த்துப் பிள்ளை இன்னும் பயந்துடக் கூடாதுல்ல. பிள்ளை இல்லாத இடத்துல நாங்க எழுப்பினாத்தான் முழிக்கும்."

அஃப்ரீன் கையிலிருந்த கணினிப் பலகையில் கவிநயாவின் செவ்வாய்க்கிழமையைத் திறந்து காட்டினாள். ஒன்பது மணிக்கு நெஞ்சடிப்புக் கோடு தரையோடு தரையாக ஓடியது. ஒன்பது முப்பத்தெட்டுக்குச் செங்குத்தாக ஏறியது. ஐந்து செவ்வாய்க்கும் அதே கதை, இரண்டு நிமிஷம் முன்னே பின்னே.

"ஒன்பதரைக்கு சிஸ்டர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க உள்ள வர்றாங்க. பத்து வரைக்கும் கட்டில் பக்கத்துலயே நிக்கிறாங்க" என்றாள் நித்திலா. குரலில் சந்தோஷமே தெரிந்தது, சொல்லப்போனால். "எட்டு நிமிஷம் தனியா இருக்கிறப்போ அந்தப் பொம்பளை என்னமோ செய்யுது. கிள்ளுதோ மிரட்டுதோ. யார்னு பேரோட காட்டு."

"பேர் வராது மேடம். சட்டப்படி நேரம் மட்டும்தான் காட்டலாம்."

"பொம்மைக்குத் தெரியும்தானே?"

"பொம்மைக்குத் தெரியும்."

"அப்போ அதையே கேட்டுக்கிறேன்."

அன்று சாயங்காலம், பூசணியை எழுப்பி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கப் பாண்டிமீனாவிடம் சம்மதம் வாங்கப் போனபோது, அவள் இன்னொரு சங்கதியும் சொன்னாள்.

"மத்தியானத்துல பூசணிய வெச்சு விளையாடுறா டீச்சரு. பேசுறதில்ல, சும்மா செய்கைதான். மொதல்ல என் சாவிக்கொத்த எடுத்துக் கிணுகிணுன்னு குலுக்குறா. அப்பறம் ஒரு ஈர்க்குச்சிய எடுத்துப் பூசணி கையில சதக்குன்னு குத்துறா. தெனமும் இதே விளையாட்டுதான்."

நித்திலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னையத்தான் பண்றா! மணியக்காவா இருந்து பார்க்கிறா. பாருங்க, அந்தச் சித்திரவதைக்கு நடுவுலயும் பிள்ளைக்கு என் மணிதான் ஞாபகம் வருது."

கட்டிலில் கவிநயா நித்திலாவைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்தாள். பயம் தெளிந்த குழந்தை இப்படித்தான் கையைக் காலை ஆட்டாமல் அமரும் என்று பயிற்சிக்கு வருகிற மாணவிகளிடம் நித்திலா இவளைத்தான் உதாரணம் காட்டுவாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் அறையில் கூடினார்கள். கவிநயா அவள் அப்பாவோடு வார்டில் இருந்தாள். நித்திலா மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பொம்மை உதறினால் புஷ்பத்தை மருந்து ஸ்டோருக்கு மாற்ற வேண்டும், குழந்தைகளின் பக்கமே அண்டவிடக் கூடாது என்பது கடைசி வரி. அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தாள்.

"என்ன இது, சூடம் அணைச்சு சத்தியம் பண்ற மாதிரி?" என்று டாக்டர் முகத்தைச் சுளித்தார். "பொம்மை சொல்லி ஒரு ஆளோட வேலையில கை வைக்கிறதா?"

"ஆதாரம் கேட்டது நீங்கதான் சார்."

"கொண்டாங்க டாக்டர்" என்றாள் புஷ்பம். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "எம் மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம். இந்தப் பொம்மைக்காரம்மா வாய அடைக்கணும்னாச்சும் குடுங்க."

"வாயை யாரு அடைக்கிறான்னு பார்ப்போம்."

"பார்ப்போம்டி."

"டி போட்டுப் பேசாதீங்க!"

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றார் டாக்டர்.

அஃப்ரீன் பூசணியை மேசைமேல் உட்காரவைத்து எழுப்பினாள். பொம்மை ஒரு தடவை கண்ணைக் கொட்டியது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே லொட்டு லொட்டென்று சின்னதாக ஒரு நெஞ்சு. பாண்டிமீனா அதைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பிள்ளையின் நெஞ்சு இன்னொரு உடம்பில் அடிப்பதைப் பார்க்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

முதலில் அவள் கையில்தான் கொடுத்தார்கள். "கவி... சாமி..." என்றாள். பொம்மை அப்படியே தொளதொளத்து அவள் தோளில் சாய்ந்தது. பலகையில் நெஞ்சடிப்பு எண்பத்தெட்டு என்று காட்டியது. டாக்டர் வாங்கினார், நூற்றிரண்டு. "என்னையப் பார்த்தா பயமா? நான் என்ன செஞ்சேன்?" என்று அவருக்கு உள்ளபடியே வருத்தம்.

அடுத்தது புஷ்பம். நித்திலா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். புஷ்பம் பழக்க தோஷத்தில் கையில் ஸ்பிரிட் தடவிக்கொண்டு, பூசணியின் கையை நீட்டிப் பிடித்து, ஊசி போடும் இடத்தைத் தட்டி, வார்டில் சொல்வதை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள்.

"வலிக்கும்டி. மூணு எண்ணுவேன். கத்தணும்னா கத்திக்க. ஒண்ணு... ரெண்டு..."

நூற்றுப் பத்து. நூற்றிருபது. பொம்மையின் உள்ளங்கை பளபளவென்று வேர்த்தது. விரல்கள் மெல்ல மடங்கி, புஷ்பத்தின் கட்டைவிரலைத் தேடிப் பிடித்துக்கொண்டன. "மூணு" என்றதும் எண் இறங்க ஆரம்பித்தது. அரை நிமிஷத்தில் தொண்ணூற்றைந்து.

"பயம்தான் சார்" என்றாள் அஃப்ரீன். "ஆனா தாங்கிக்கிற பயம். எப்போ தொடங்கும், எப்போ முடியும்னு தெரிஞ்ச பயம். அந்தச் செங்குத்துக் கோடு இது இல்ல."

"அவ எப்பவும் என் பெருவிரலத்தான் பிடிப்பா" என்றாள் புஷ்பம். குரலில் தகரம் கொஞ்சம் குறைந்திருந்தது. அதை மறைக்க உடனே நித்திலா பக்கம் திரும்பி, "பாத்துக்கிட்டியா?" என்றாள்.

"ஏமாத்து சார் இது!" நித்திலா எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்துபோயிருந்தது. "இங்க நீங்க இருக்கீங்கன்னு மெதுவா, பதவிசா பேசுறாங்க. வார்டுல இப்படியா? தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன், என்னென்ன பேசினாங்கன்னு. காட்டுறேன் இருங்க."

குறிப்பு நோட்டை எடுப்பதற்காக நாற்காலியில் தொங்கிய துணிப்பையைச் சரேலென்று இழுத்தாள். மணி குலுங்கியது.

புஷ்பத்தின் கையிலிருந்த பூசணி துள்ளியது. துள்ளி, இரண்டு கையையும் பிடுங்கித் தொடைக்கடியில் செருகிக்கொண்டது. முழங்கால் இரண்டும் வயிற்றோடு ஒட்டின. தாடை இறுகி, கண் நிலைகுத்தி நின்றது. இப்போது காதை வைத்துக் கேட்க வேண்டிய அவசியமில்லை, அந்த நெஞ்சு அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. பலகையில் நூற்று எழுபத்திரண்டு.

டாக்டர் பொம்மையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். நித்திலாவுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. குழந்தையைத் தேற்றுகிற பழக்கத்தில் இரண்டடி முன்னால் போய்க் குனிந்து, "என்னாச்சுடா பூசணி? ஒண்ணுமில்லடா செல்லம். வா விளையாடலாம்... எறும்பு முத்தம்தான்..." என்றாள், மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

நூற்றுத் தொண்ணூறு. பொம்மையின் கை ஐஸ்கட்டியாகக் குளிர்ந்துவிட்டது என்று புஷ்பம் சொன்னாள்.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அஃப்ரீன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "செவ்வாய்க்கிழமை ஒன்பது முப்பத்தெட்டுக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

"வராந்தாவுல. ஒன்பது நாப்பதுக்கு நான் கட்டிலுக்குப் போகணும், அதனால முப்பத்தெட்டுக்கு வராந்தா முனையில..." வராந்தா முனையில் என்ன செய்வாள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"பொம்மை கெட்டுப்போச்சு" என்றாள் கடைசியில். "இந்த ஒரு பொம்மை கெட்டுப்போச்சு. மத்ததைப் பார்ப்போம், வாங்க."

யார் தடுத்தும் நிற்கவில்லை. விடுவிடுவென்று விளையாட்டு அறைக்கு நடந்தாள், போகும் வழியெல்லாம் மணியைக் கைக்குள் அழுத்திப் பிடித்தபடி. அவளுக்கே தெரியாமல்தான் பிடித்திருந்தாள். பிள்ளைகளெல்லாம் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். கண்ணாடி அலமாரியில் மற்றப் பத்துப் பொம்மைகளும் சார்ஜில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அஃப்ரீன் ஒவ்வொன்றாக எழுப்பினாள். பத்தும் கண்ணைக் கொட்டின.

நித்திலா பையைத் தூக்கிப் பிடித்து மணியை ஓங்கி ஆட்டினாள். கேஸ் ஜெயிக்கப்போகிற வக்கீல் மாதிரி ஆட்டினாள்.

பத்துப் பொம்மைகளும் சொல்லிவைத்தாற்போல் கையை ஒளித்துக்கொண்டன. சில முதுகுக்குப் பின்னால், சில அக்குளில். மூன்று வயதுப் பையனின் பொம்மை மட்டும் கையை ஒளிக்காமல் காதைப் பொத்திக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் பத்து நெஞ்சும் ஒன்றாக அடித்த அடியில் அலமாரிக் கதவு கடகடத்தது.

ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவையும் ஆட்டினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "நித்திலா, ஊசி இல்லாத நாள்ல நீங்க பிள்ளைங்களோட விளையாடினதே இல்லையா?"

அவள் சுவரைக் காட்டினாள். அவளே வண்ணப் பேனாவில் பூப்போட்டு எழுதி ஒட்டிய தாள். *விளையாட்டு நேரம்: சிகிச்சைக்கு இருபது நிமிடம் முன்பு மட்டும்.* கண்ட நேரத்தில் விளையாடினால் விளையாட்டுக்குப் புதுசு போய்விடும், மருந்து மாதிரி அளவாகக் கொடுக்க வேண்டும் என்று வாதாடி, இதே டாக்டரிடம் கையெழுத்து வாங்கிய விதி அது. ஒரு நாளாவது மீறினாளா? இல்லை. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

"உன் மணி கேட்டா ஊசி வரும். கேக்கலேன்னா வராது" என்றாள் வாசலில் நின்ற புஷ்பம். "நாலு வருஷமா ஒரு நாள் தப்பல. பிள்ளைங்க சரியாத்தான் படிச்சிருக்குக, நீதான் படிக்கல."

"போதும் சிஸ்டர்" என்றார் டாக்டர்.

"எனக்கென்ன, போதும்னா போதும். என்னைய ஸ்டோருக்கு அனுப்ப மூணு பக்கம் எழுதுனவ இவ. அதுல ஒரு பக்கமாச்சும் பிள்ளையப் பாத்து எழுதியிருந்தா நான் வாயத் திறந்திருக்க மாட்டேன்."

நித்திலாவுக்கு இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாவிக்கொத்து, ஈர்க்குச்சி, தொடைக்கடியில் கை. ஒரு மாதமாக ஒரு பிள்ளை வாயால் சொல்ல முடியாமல் செய்கையால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இவள் அதைப் பார்த்துப் பூரித்துப்போய்க் கண் கலங்கியிருக்கிறாள். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அவமானத்தைவிடத் துக்கமாக இருந்தது. பாண்டிமீனாவை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

பாண்டிமீனாதான் கிட்டே வந்தாள். ஏசவும் இல்லை, தேற்றவும் இல்லை. "செவ்வாய்க்கெழம நீங்க வராதீக டீச்சரு" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்கு நித்திலா ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தாள். மாடிக்கு வரக் கூடாது என்று டாக்டர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். வீட்டில் இருந்திருக்கலாம், இருப்புக்கொள்ளவில்லை. பையை வீட்டில் போட்டுவிட்டு வந்திருக்கலாம், அதுவும் தோன்றவில்லை. நாலு வருஷமாகத் தோளில் தொங்கியது, கிளம்பும்போது தானாக ஏறிக்கொண்டது. டீ ஆடை கட்டிக் கிடந்தது. ஒன்பது முப்பத்தெட்டு வந்தது, போனது. மூன்றாவது மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தானது. பத்து ஐந்து. நெஞ்சில் கீறிக் குழாய் வைப்பார்கள் என்ற பேச்சு காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

பத்துப் பன்னிரண்டுக்குப் போன் அடித்தது. புஷ்பம்.

"ஏறிருச்சு."

"ஒரே குத்துலயா?"

"ஒரே குத்து. கை கதகதன்னு இருந்துச்சு. நரம்பு தன்னால முன்னாடி வந்து நின்னுச்சு."

"அழுதாளா?"

"வலிச்சா அழமாட்டாளா? நல்லா அழுதா. என் பெருவிரல ஒடிச்சே போட்டா." போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தால், மறுபடி குரல் வந்தது. "பேசுனா."

நித்திலா பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள். "பேசினாளா? கவியா? என்ன பேசினா?"

"அத விடு."

"ஒரு மாசம் கழிச்சு வாயைத் திறந்திருக்கா, விடுங்கிறீங்களே! என்ன சொன்னா சிஸ்டர்?"

"வேணாம்னா விடேன்."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதானே பெருமை அடிச்சுக்கிறீங்க? மறைக்கிறது மட்டும் என்னவாம்? சொல்லுங்க."

புஷ்பம் மூச்சு விடுவது கேட்டது.

"'மணியக்கா செத்துட்டாகளா'ன்னு கேட்டா."

சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிகிறவரை நித்திலா போனைக் காதில் அழுத்தியபடியே நின்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? இல்லடி, உசுரோடதான் இருக்காகன்னேன்."

"அதுக்கு அவ?"

"திரும்ப வாய மூடிக்கிட்டா."

பெட்டிக்கடைப் பக்கமிருந்து ஒரு தகப்பன், கையில் பிளாஸ்டர் ஒட்டிய பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலை நோக்கிப் போனார். நித்திலா விலகி வழிவிட்டாள்.

"கேக்குதா?" என்றாள் புஷ்பம், பழைய தகரக் குரலில். "நாளைக்கு சாயந்தரம் நாலு மணிக்கு வா. நாளைக்கு யாருக்கும் ஊசி கெடையாது. டாக்டர்ட்ட நான் சொல்லிக்கிறேன். வந்து சும்மா ஒரு மூலையில உக்காரு. செல்லம், தங்கம்னு ஒண்ணும் பேசாத. ஊசியான்னு கேட்டா இல்லன்னு சொல்லு. நம்ப மாட்டா. மறுநாளும் வா."

"எத்தனை நாளைக்கு சிஸ்டர்?"

"அது எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டாள்.

நித்திலா பையைத் தோளில் மாட்டினாள். மணி அசைவதற்குள் கையால் அதைப் பொத்திக்கொண்டாள். ஓ.பி. சீட்டுக்கு நிற்கிற வரிசை வாசல்வரை வந்திருந்தது, வரிசை நெடுகப் பிள்ளைகள். பஸ் வருகிறவரை பிடியைத் தளர்த்தாமல் அப்படியே நின்றாள்.